வெள்ளையனுக்கு எதை வாங்குவது

எதை எடுப்பது என்று தெரியாமல் ஞானபுஷ்பம் அந்த அலமாரியின் முன்னால் நின்றாள். சும்மா ஒன்றும் நிற்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு, ஒவ்வொரு பையாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் உப்பு எவ்வளவு என்று தேடிக்கொண்டு நின்றாள். அடேயப்பா, நாய்க்கு இத்தனை தினுசா! குட்டிக்கு ஒன்று, கிழத்துக்கு ஒன்று, முடி கொட்டினால் ஒன்று, தொந்தி போட்டால் ஒன்று, வாய் நாறினால் அதற்கும் ஒன்று. எல்லாப் பையிலும் ஒரு நாய்ப் படம், கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி தலை சீவிக்கொண்டு. வெள்ளையன் இதைப் பார்த்தால் குரைத்தே கொன்றுவிடுவான். குரைப்பானா? அவன் குரைத்துத்தான் எவ்வளவு நாளாச்சு. வெளியே ஆட்டோவின் பின் சீட்டில் பழைய சேலையை விரித்து அவனைக் கிடத்தியிருக்கிறாள். ஆட்டோக்கார முத்துக்குட்டி காவலுக்கு நிற்கிறார். கண்ணாடிக் கதவு வழியாகக் காது நுனி மட்டும் தெரிகிறது. ஈ வந்து உட்கார்ந்தால் அது அசையும். உட்காரு ஈயே, உட்காரு. அசைந்தது. சரி, இருக்கான். அவள் மறுபடி பையைத் திருப்பினாள். புரதம், கொழுப்பு, நார், சாம்பல். சாம்பலா? நாய்த் தீவனத்தில் சாம்பலுக்கு என்ன வேலை? கல்லறைத் தோட்டத்தில் கோயில் பாதிரி ஐயர் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டபோது சொன்ன சாம்பல் அல்லவா அது. புருசன் ஆசீரின் பெட்டி மேல் மண் விழுந்த சத்தம் காதுக்குள் கேட்டது. அந்தப் பையை வெடுக்கென்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"யாருக்கும்மா பாக்குதீங்க? லேபா, பொமரேனியனா?" கடைப்பெண் வந்து பக்கத்தில் நின்றாள். நெற்றியில் வியர்வை அரும்பின, சிரித்த முகம். "நாட்டு நாயிம்மா." "வயசு?" "பதிமூணு இருக்கும்." "அப்பம் சீனியர். தாத்தா ஆயிட்டாரு." பெண் சிரித்தாள். ஞானபுஷ்பத்துக்கும் சிரிப்பு வந்தது, வந்த வழியே போனது. "கிட்னி போச்சுன்னு சொல்லுதாங்க. சோடியம் கம்மியா, பொட்டாசியம் கம்மியா, பாஸ்பரஸ் கம்மியா உள்ளது வேணும். ஆனா சத்து இருக்கணும்." பெண் ஒரு நிமிடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள், இந்த அம்மா டாக்டரோ என்று. டாக்டர் எல்லாம் இல்லை தாயே, பால்வாடி டீச்சர். காலமெல்லாம் சத்துமாவு உருட்டிப் பிள்ளைகள் வாயில் திணித்த கை இது. துப்புகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்துத் திணித்த கை. சத்து உள்ளே போனால் எல்லாம் சரியாகும் என்று நம்பினவள். மற்ற மூன்று வார்த்தைகளும் ஆசீர் புண்ணியத்தில் கற்றுக்கொண்டது. "டாக்டர் எதும் எழுதிக் குடுத்தாங்களாம்மா?" என்று பெண் கேட்டாள். "ஒண்ணும் எழுதல. சத்தா எதாவது குடுங்கன்னாரு," என்றாள் ஞானபுஷ்பம். வாய் கூசாமல் சொன்னாள். கூசத்தான் செய்தது, ஆனாலும் சொன்னாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையால் வெள்ளையனின் தலையைத் தடவினார். கையுறையைக் கழற்றினபோதே அவளுக்குத் தெரிந்துபோனது. "இனிமே அவனுக்கு எது பிடிக்குதோ அதைக் குடுங்கம்மா," என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத ஆள் உண்டா? எந்த டாக்டரும் சாகப் போகிறார் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்டதைக் கொடுங்க என்பார்கள். சொந்தக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஆசீர் கிடந்த வார்டில் பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு ஒருநாள் பரோட்டாவும் சால்னாவும் வந்தது. வார்டே மணந்தது. மருமகள் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊட்டினாள். ஆசீர் எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொண்டே கிடந்தார். "குடுத்து வச்ச மனுசன்," என்றார். மறுநாள் விடிந்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு. ஆசீர் அதையும் பார்த்தார். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆக அவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும் என்பதுதானே இப்போது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. வெள்ளையனுக்குத் தெரியாது, அவனுக்கு டாக்டர் பாஷை எங்கே தெரியும். டாக்டர் தடவின கையை அவன் நக்கக்கூடச் செய்தான்.

பெண் ஒரு ஸ்டூலைப் போட்டு மேல்தட்டிலிருந்து எதையோ இறக்கிக்கொண்டிருந்தாள். பொறு மனசே, பொறு, ஒரு நல்ல பையாகப் பார்த்து வாங்குவோம், தேறிவிடுவான். நாட்டு நாய், கெட்ட உசிரு. உப்பளத்தில் பிறந்தவன் லேசில் போவானா? ஆசீருக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. காலையில் இருட்டோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாய வருவார், புருவத்தில், காது மடலில், சட்டை மடிப்பில் எல்லாம் உப்பு பூத்திருக்கும். சட்டையைக் கழற்றி மூலையில் வைத்தால் அது தன்பாட்டுக்கு நிற்கும். பாத்தியில் உப்பு விளைந்ததா இல்லையா என்று ஒரு கல்லை நாக்கில் வைத்தே சொல்லுவார். "கடல் சும்மா குடுக்குது ஏட்டி, வெயில் சும்மா சமைக்குது, நாம அள்ளுதோம்," என்பார். அப்படி ஒரு நாள் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால், வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு குட்டி கிடந்ததாம். உப்பு மூட்டை என்று மிதிக்கப் போனாராம். சட்டைக்குள் போட்டுக் கொண்டு வந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. முதலில் அவள் சண்டை போட்டாள், வீடெல்லாம் மூத்திரம் என்று. மூன்றாம் நாள் சத்துமாவைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து வாயில் வைத்தவளும் அவள்தான். வளர்ந்த பிறகு அவன் ஆசீர் கட்சி. அவர் சைக்கிள் பின்னாலேயே உப்பளத்துக்கு ஓடுவான். மத்தியானம் தூக்குச்சட்டியில் பழைய கஞ்சி, சுட்ட சாளைக் கருவாடு. சதை அவருக்கு, தலை அவனுக்கு. கருவாட்டுத் தலையைக் கடித்து நொறுக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான் என்று ஆசீர் சொல்லுவார். "கோயில்ல ஜெபம் பண்ணுத மாதிரி ஏட்டி."

பிறகு அந்த வீட்டில் உப்பு நின்றது. ஆசீரின் கால் வீங்கினது, முகம் வீங்கினது, ரெண்டு கிட்னியும் போச்சு என்று சொன்னார்கள். வாரம் தவறாமல் மெஷினில் படுக்கப் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். ஞானபுஷ்பம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். உப்பு ஜாடியை மேல் வீட்டுக்காரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். காயை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைப்பாள். ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது, இளநீர், வாழைப்பழம், மூச். குடிக்கிற தண்ணீர்கூட டம்ளரில் அளந்துதான். தனக்கும் அதே சாப்பாடு, நாய்க்கும் அதே. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னான்," என்று ஆசீர் முதலில் கோபப்பட்டார், தட்டைத் தள்ளினார். பிறகு கேலி பண்ணினார். வெள்ளையன் தட்டை எட்டிப் பார்த்து, "என்னல, உனக்கும் இதே ஜெயில்தானா? நான் செஞ்ச குத்தம் தெரியும், நீ என்னல செஞ்ச?" என்பார். வெள்ளையன் அந்தச் சப்பைச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பான். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்லித் தருகிற அம்மா மற்ற நோயாளிகளின் பெண்டாட்டிகளைக் கூப்பிட்டு, இவங்களைப் பாத்துப் படிங்க என்றாள். அன்றைக்கு ஞானபுஷ்பத்துக்கு என்ன பெருமை! பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்து நினைத்து வந்தாள். செத்த வீட்டிலும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், நீ செய்யாத பண்டுவமா புஷ்பம், குழந்தை மாதிரி பாத்தியே என்று. போதும், வாயை மூடுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. காபி குடித்தீர்களா என்று கேட்டாள்.

ஒரு சாயங்காலம் ஆசீரைப் பார்த்த டாக்டர் அவளை மட்டும் வெளியே கூப்பிட்டார். "இனிமே அவர் கேட்டதைக் குடுங்கம்மா," என்றார். அவள் சரி சார் என்றாள். சுவரைப் பிடிக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, காயை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. அப்படி ஒரு வார்த்தையைத் தான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாள். அவரை வீட்டுக்கு அழைத்து வந்ததும் அவர் முதலில் கேட்டது அதைத்தான், "ஏட்டி, ஒரு சாளைக் கருவாடு சுட்டுத் தாயேன்." "நல்லாருக்கே. கருவாடாம். உடம்பு தேறட்டும், நாளைக்குப் பாப்போம்," என்றாள். மறுநாளும் கேட்டார். நாளைக்கு. அதற்கு மறுநாளும். நாளைக்கு. கேட்கும்போது அவர் கருவாட்டை நினைத்துக் கேட்டாரா, அல்லது அவள் முகத்தைப் பார்ப்பதற்காகக் கேட்டாரா? கொடுத்தால் கதை முடிந்தது, கொடுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது, என்று நூல் விட்டுப் பார்த்தாரா? அவள் நாளைக்கு என்று சொன்னதும் ஒவ்வொரு தடவையும் லேசாகச் சிரித்தாரே, அது என்ன சிரிப்பு? பிழைத்துக்கொள்வோம் என்ற சிரிப்பா, இவள் தர மாட்டாள் என்ற சிரிப்பா, பாவம் இவளுக்குத் தாங்காது என்று அவளுக்காகச் சிரித்ததா? மூன்றில் எது என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. ஒரு நாள் கருவாடு கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார். வாயில் கடைசியாக இருந்தது அவள் ஊட்டின உப்பில்லாத கஞ்சி. அதைத் துடைத்துவிட்டதும் அவள்தான். சரியாகத்தானே செய்தேன், சொன்னபடிதானே செய்தேன், ஆண்டவரே, சொன்னபடி செய்யாதது அந்த ஒன்றுதான்.

"அம்மா, இதைப் பாருங்க, கிட்னிக்குன்னே வாரது," என்று பெண் ஒரு நீலப் பையை நீட்டினாள். "நீங்க சொன்ன மூணும் இதுல கம்மி. எங்க கடையிலயே ரெண்டு பேரு வாங்குதாங்க." ஞானபுஷ்பம் வாசித்துப் பார்த்தாள். கம்மிதான். எல்லாம் அளவாகத்தான் இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி அம்மா பார்த்தால் கையெழுத்தே போட்டுக் கொடுப்பாள். "திங்குமா?" என்று கேட்டாள். பெண் கொஞ்சம் யோசித்தாள். "பழகணும்மா. முதல்ல மூஞ்சியத் திருப்பத்தான் செய்யும். பழகிரும்." எத்தனை நாளில் பழகும் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. பெண் நல்ல பெண். திறந்திருந்த மாதிரிப் பையிலிருந்து நாலைந்து உருண்டையை அவள் உள்ளங்கையில் போட்டு, "குடுத்துப் பாருங்கம்மா, தின்னா வாங்குங்க," என்றாள். ஞானபுஷ்பம் கையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் பளீரென்று அடித்தது. உப்பளத்து வெயில் மாதிரியே கண் கூசினது.

வெள்ளையன் தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் அவள் பக்கம் ஓட்டினான். வாயிலிருந்து அந்த வாடை வந்தது. ஆசீரின் வாயில் கடைசியில் வந்த அதே வாடை, மூத்திரம் காய்ந்த மாதிரி. அதை முகர்ந்து போன வாரமே அவளுக்கு விளங்கிவிட்டது, டாக்டர் எல்லாம் சும்மா ஒரு சாட்சிக்கு. "தின்னுடா என் ராசா," என்று உருண்டையை மூக்கருகே வைத்தாள். முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தப் பக்கம் கொண்டுபோனாள், அந்தப் பக்கம் திருப்பினான். மூக்கைப் பிடித்துத் திணிக்கக் கை போனது, பால்வாடிக் கை. "விடுங்கக்கா, பாவம்," என்றார் முத்துக்குட்டி. அப்போது வெள்ளையன் நாக்கை நீட்டினான். உருண்டையை ஒதுக்கிவிட்டு, வியர்த்திருந்த அவள் மணிக்கட்டை நக்கினான். மெதுவாக, சொரசொரவென்று, ஒரு தடவை, இன்னொரு தடவை, விடாமல். ஞானபுஷ்பம் கையை இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை. ஆசீரும் இதே இடத்தைத்தான். ஒருநாள் அடுப்படியிலிருந்து வேர்க்க விறுவிறுக்கக் கஞ்சி கொண்டுபோனபோது, அவள் கையைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டில் நாக்கை வைத்தார். "ச்சீ, என்னது இது, பிள்ள மாதிரி," என்று அவள் கையை உதறினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், "ஏட்டி, உப்பு இருக்குட்டி." அவ்வளவு சந்தோசமாகச் சொன்னார். அவள் என்ன செய்தாள்? நேரே போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். அன்றையிலிருந்து ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போனாள். பாவி. கொலைகாரப் பாவி. அந்த மனுசனுக்கு அதைக்கூடக் கொடுக்கவில்லையே.

"வீட்டுக்குத்தானக்கா?" என்று முத்துக்குட்டி கேட்டார். அவள் உருண்டைகளைக் கடை வாசலிலேயே வைத்தாள், ஏதாவது காக்கா தின்னட்டும். கண்ணாடிக் கதவு வழியாகக் கடைப்பெண்ணிடம் தலையை ஆட்டினாள், பெண்ணும் புரிந்தோ புரியாமலோ தலையை ஆட்டினாள். "கருவாட்டுக் கடைப் பக்கம் விடுங்க," என்றாள். முத்துக்குட்டி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "கருவாடா? யாருக்குக்கா? நாய்க்கு இந்த நிலைமையில உப்பு ஆகாதுல்லா?" "ஆகாது," என்றாள். "டாக்டர் அவனுக்குப் பிடிச்சதைக் குடுக்கச் சொல்லிட்டாரு, முத்துக்குட்டி." சொல்லிவிட்டாள். வாயைத் திறந்து ஒரு மனுசரிடம் சொல்லியே விட்டாள். முத்துக்குட்டி கைலி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வெள்ளையனின் தலை அவள் மடியில் கிடந்தது. குழி வரும் இடத்தில் எல்லாம் முத்துக்குட்டி மாட்டு வண்டி மாதிரி மெல்ல உருட்டினார்.

கருவாட்டுக் கடைத் தெரு வருமுன்னே வாடை வந்தது. அவர் போனபிறகு இந்தத் தெரு வழியாக அவள் வந்ததே இல்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள். வெள்ளையனின் மூக்கு அசைந்தது. தலை தூக்கிப் பார்க்க முடியாமல் மூக்கு மட்டும் அசைந்து அசைந்து தேடினது. கடைக்காரியிடம் நல்ல சாளையாகப் பார்த்து, முள் குத்தாத இளங்கருவாடாக வாங்கினாள். வீட்டில் அவனைச் சேலையோடு இறக்கி அடுப்படி வாசலில் படுக்க வைத்தாள். கருவாட்டைத் தண்ணீரில் போட்டாள். உப்பு போக ஒரு தடவை அலசினாள். கை தானாக இன்னொரு தடவைக்குத் தண்ணீர் மோந்தது. வேண்டாம். மூன்றாவது தடவைக்கும் அது போகும், இந்தக் கையை நம்ப முடியாது. சட்டியை அடுப்பில் வைத்து, சுட்டாள். புகை எழுந்தது. வாடை கூடத்துக்குப் போய், ஆசீர் படுத்திருந்த கட்டிலைச் சுற்றி, ஜன்னல் வழியாக வெளியே போனது. மேல் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யக்கா, கருவாடா! ஏதும் விசேசமா?" என்று கேட்டாள். ஞானபுஷ்பம் ஆமா என்றாள். அவருக்கும் இப்படிச் சுட்டிருக்கலாம், மூன்றில் அது எந்தச் சிரிப்பாக இருந்தாலும் சுட்டிருக்கலாம், அவ்வளவுதான் விசயம், இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். அவள் அழுதாள். புகைக்கு அழுகிற மாதிரி இல்லாமல், நன்றாக, சத்தம் போட்டு அழுதாள்.

தட்டைத் தரையில் வைத்து, முள்ளை நீக்கி, ஒரு துண்டை அவன் வாய்க்குள் வைத்தாள். வெள்ளையன் வால் ஒரு தடவை தரையில் அடித்தது. கடைவாயில் ஒதுக்கி மெல்ல மென்றான். மெல்லும்போது கண்ணை மூடிக்கொண்டான். ஆசீர் சொன்னது நிசம்தான், அவள் இத்தனை வருசத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். இன்னும் வேண்டுமாம். அவள் விரலில் ஒட்டியிருந்ததையும் கொடுத்தாள். மறுபடி பார்த்தான். "போதும்டா, மிச்சம் நாளைக்..." நாக்கு பாதியில் நின்றது. அவன் காத்துக்கொண்டே இருந்தான். ஞானபுஷ்பம் தட்டில் இருந்ததை எல்லாம், தலையை, வாலை, உதிர்ந்த பொடியைக்கூட வழித்து அவன் முன்னால் தள்ளினாள்.

"தின்னு," என்றாள். "இன்னைக்கே தின்னு."